உங்க குட்டி நாட்டுக்கு நோட்டு அடிக்கணுமா? சேலத்துல கிடைக்கிற சாமானே போதும்

நாடு ஆரம்பிச்சாச்சு, கொடி தச்சாச்சு, எஸ்டேட் கேட்டுல எல்லைப் போர்டும் மாட்டியாச்சுன்னா அடுத்து எல்லாருக்கும் வர்ற ஆசை சொந்தமா நோட்டு அடிக்கிறது தான். ஏற்காட்டுல ஃப்ரெண்ட்ஸ் எஸ்டேட்ல இப்படி ஒரு விளையாட்டு நாடு ஓடிட்டு இருக்கு, நான் சேலத்துல கல்யாணப் பத்திரிகை அடிக்கிற ஸ்கிரீன் பிரிண்டிங் லைன்ல இருக்கறதால அந்த வேலை என் தலையில வந்து விழுந்துச்சு. அதுல தெரிஞ்சதை எல்லாம் இங்க எழுதிடறேன், யாருக்காவது உதவும்.

எடுத்த உடனே எல்லாரும் கேக்குறது "ஹோலோகிராம் போடலாமா?" தான். போடாதீங்க. ஆன்லைன்ல ரோல் ரோலா விக்கிற ஹோலோகிராம் ஸ்டிக்கரை நீங்க வாங்க முடியும்னா கள்ளநோட்டு அடிக்கிறவனும் வாங்குவான், உங்களுக்குன்னு தனியா டிசைன் பண்ணித் தரணும்னா அவங்க கேக்குற மினிமம் ஆர்டருக்கு உங்க நாட்டு ஜனத்தொகையே பத்தாது. நீங்க பாக்க வேண்டியது ரெண்டே ரெண்டு தான். ஒண்ணு, போலி பண்ண ஆகுற மெனக்கெடல் நோட்டோட மதிப்பை விட ஜாஸ்தியா இருக்கணும். ரெண்டு, நோட்டை வாங்குறவங்க கையில தொட்டே ரெண்டு செகண்ட்ல கண்டுபிடிக்கணும். யாரும் செக் பண்ணாத அம்சம் எவ்ளோ காஸ்ட்லியா இருந்தாலும் அது வெறும் அலங்காரம்.

நிஜ நோட்டு அடிக்கிறவங்களும் இதை மூணு அடுக்கா தான் பிரிப்பாங்க. பொதுஜனம் தொட்டு, சாய்ச்சு, வெளிச்சத்துல தூக்கிப் பாத்து கண்டுபிடிக்கிறது முதல் அடுக்கு. கடைக்காரர் லென்ஸோ யூவி லைட்டோ வச்சு பாக்குறது ரெண்டாவது. அடிச்சவங்களுக்கு மட்டும் தெரிஞ்ச ரகசியம் மூணாவது. நம்ம 500 ரூபாய் நோட்டை இப்பவே பர்ஸ்ல இருந்து எடுத்துப் பாருங்களேன். சாய்ச்சா பச்சை நூல் நீலமா மாறும், ரெண்டு ஓரத்துலயும் அஞ்சு அஞ்சா தடிச்ச கோடு விரல்ல தட்டுப்படும், வெளிச்சத்துல தூக்குனா காந்தி முகம் வரும், சீரியல் நம்பர் சின்னதா ஆரம்பிச்சு பெருசாகிட்டே போகும். இவ்ளோ இருந்தும் நாம என்ன பண்றோம், மடிச்சு பாக்கெட்ல போட்டுட்டு போயிட்டே இருக்கோம். அதனால உங்க நாட்டுக்கு அம்சம் கம்மியா இருக்கட்டும், ஆனா குடிமக்கள் ஒருத்தர் விடாம அத்தனையும் தெரிஞ்சு வச்சிருக்கட்டும்.

மொதல்ல சட்டம்

இதைத் தாண்டிட்டு டிசைனுக்கு ஓடாதீங்க. 1929-ல இங்கிலாந்து பக்கம் லண்டி தீவோட ஓனர் மார்ட்டின் கோல்ஸ் ஹார்மன் தன் பேருல பஃபின், அரை பஃபின்னு காசு அடிச்சு தீவுல புழங்க விட்டாரு, கேஸ் ஆகி கடைசியில அஞ்சு பவுண்டு ஃபைன் கட்டுனாரு. அது காசு, நம்மது நோட்டு, ஆனா கதை ஒண்ணு தான், பக்கத்துல இருக்கற பெரிய நாட்டுப் பணத்தோட மோதக் கூடாது.

நம்ம ஊர்ல நிஜ கள்ளநோட்டுக்கு ஆயுள் தண்டனை வரைக்கும் இருக்கு, அது தெரிஞ்சது தான். பலருக்குத் தெரியாதது, நம்ம குற்றச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவோட 182-வது பிரிவு, நிஜ நோட்டை எந்த விதத்துலயாவது ஒத்துப்போற மாதிரி ஒரு தாள் அடிச்சாலும் குத்தம். அதனால காந்தி படம், அசோக சிங்கம், ரூபாய் சிம்பல், ரிசர்வ் பேங்க்ங்கிற வார்த்தை, பதினஞ்சு மொழி கட்டம் எதுவும் வேண்டாம். இன்னொண்ணு, ரிசர்வ் வங்கி சட்டம் 1934, 31-வது பிரிவு, கொண்டு வர்றவர் கேட்ட உடனே பணம் தர்றேன்னு வாக்குறுதிச் சீட்டு எழுதித் தர்ற உரிமை ரிசர்வ் பேங்குக்கும் மத்திய அரசுக்கும் மட்டும் தான். கெத்தா இருக்கேன்னு அந்த "உறுதி அளிக்கிறேன்" வாசகத்தை உங்க ஜனாதிபதி கையெழுத்தோட போட்டுடாதீங்க. பின்பக்கம் "இது இந்தியப் பணம் அல்ல, நினைவுச் சீட்டு"ன்னு தெளிவா ஒரு வரி போடுங்க, நோட்டோட அழகு ஒண்ணும் கெட்டுடாது.

ரூபாய்க்கு மாத்தித் தர்ற வேலையும் வேண்டாம், வேற எதோடயாவது கட்டி விடுங்க. அமெரிக்காவுல நெவாடால இருக்கற மொலோசியாங்கிற குட்டி நாட்டுல அவங்க பணமான வலோராவை பில்ஸ்பரி குக்கி மாவோட மதிப்புல கட்டி வச்சிருக்காங்க, காசு போக்கர் சிப்ல பண்ணது. இத்தாலியில செபோர்காங்கிற இன்னொரு குட்டி நாட்டுல 1 லூயிஜினோ 6 டாலர்னு சொல்லிக்கிறாங்க, அது கொஞ்சம் ஓவர். ஏற்காட்டுல மிளகு காய்க்குது, அதனால நம்ம நாட்டுப் பணத்துக்கு பேரே மிளகு. 1 மிளகு குடுத்தா எஸ்டேட் வீட்டுல ஒரு காபி. அவ்ளோ தான் நிதிக்கொள்கை.

சைஸ், கலர்

ரிசர்வ் பேங்க் நோட்டு நீளத்தை கவனிச்சிருக்கீங்களா, 10 ரூபாய் 123 மில்லிமீட்டர், 20 ரூபாய் 129, 50 ரூபாய் 135, 100 ரூபாய் 142, 200 ரூபாய் 146, 500 ரூபாய் 150. கண்ணு தெரியாதவங்க தடவியே பிரிக்கிறதுக்குத் தான் இந்த வித்தியாசம். நீங்க இதுல எதோடயும் ஒட்டாத சைஸ் எடுங்க. நான் எடுத்தது 140க்கு 70. 13க்கு 19 இன்ச் ஷீட்ல ஓரம் வெட்ட இடம் விட்டும் பன்னெண்டு நோட்டு உக்காரும். 1, 5, 20 மூணு மதிப்பு போதும், அதுக்கு மேல போனா ப்ளாக் செலவு தான் ஏறும். மூணும் ஒரே சைஸ்ல இருந்தா கலரை நல்லா தள்ளி வைங்க, பச்சையும் நீலமும் குண்டு பல்பு வெளிச்சத்துல ஒண்ணு மாதிரியே தெரியும்.

பேப்பர் தான் பாதி பாதுகாப்பு

சாதா ஏ4 பேப்பரை யூவி டார்ச்ல காட்டுங்க, பளீர்னு நீலமா அடிக்கும், வெள்ளையா தெரியட்டும்னு அதுல கெமிக்கல் சேக்குறாங்க. நோட்டு அடிக்கிற காட்டன் பேப்பர் இருட்டா இருக்கும். அதனால எந்தப் பேப்பர் வாங்கினாலும் கடையிலயே டார்ச் அடிச்சுப் பாத்துட்டு வாங்குங்க, நீலமா அடிச்சா திருப்பிக் குடுத்துடுங்க. இந்த ஒரே டெஸ்ட்ல கலர் ஜெராக்ஸ் போலி முக்கால்வாசி மாட்டிக்கும்.

பொறுமை இருக்கறவங்க சொந்தமா பேப்பர் பண்ணுங்க, எனக்கு இந்த மொத்த வேலையில பிடிச்சதே இது தான். பழைய காட்டன் வேட்டியை விரல் நக சைஸுக்கு வெட்டி, சலவை சோடா போட்டு நல்லா வேக வச்சு, அலசி, மிக்ஸில கொஞ்சம் கொஞ்சமா நிறைய தண்ணியோட அடிக்கணும். காட்டன் நார் நீளமா இருக்கறதால ப்ளேடுல சுத்திக்கும், ஒரே அடியா போட்டா மோட்டார் போயிடும், வீட்ல திட்டு வேற விழும். மரச்சட்டத்துல கொசுவலை இழுத்து அடிச்சு, அதை கூழ் தண்ணில முக்கி மட்டமா தூக்குனா வலை மேல மெல்லிசா ஒரு படலம் நிக்கும், அதை ஈரக் கம்பளி மேல கவுத்தா அதான் பேப்பர். வாட்டர்மார்க் வேணும்னா முக்குறதுக்கு முன்னாடியே மெல்லிசு செம்புக் கம்பியை வேணுங்கிற உருவத்துல வளைச்சு வலை மேல தச்சிடுங்க. கம்பி இருக்கற இடத்துல கூழ் கம்மியா நிக்கும், காஞ்ச பிறகு வெளிச்சத்துல தூக்குனா அந்தக் கோடு மட்டும் வெளிறித் தெரியும். காட்டெருமைக் கொம்பு ரெண்டு வளைவு, ரொம்ப ஈஸி, ஏற்காட்டுக்கும் பொருத்தம். கள்ளநோட்டுல வாட்டர்மார்க்கை வெளிர் மையிலயோ எண்ணெய்லயோ அடிச்சிருப்பாங்க, அது நோட்டு மேஜை மேல கிடக்கும்போதே தெரியும். நிஜ வாட்டர்மார்க் மேஜை மேல காணாமப் போயிடும், தூக்குனா தான் வரும்.

இப்ப பாதுகாப்பு நூல். 1940-ல பேங்க் ஆஃப் இங்கிலாந்து ஒரு பவுண்டு நோட்டுக்குள்ள உலோக இழை வச்சாங்க, அதுல இருந்து வந்தது தான் நம்ம நோட்டுல இருக்கற நூல். சேலத்துல உக்காந்துகிட்டு இதுக்கு வெளியூர் போக வேண்டியதே இல்ல, இளம்பிள்ளை, அம்மாப்பேட்டைன்னு எந்தத் தறிக்காரரைக் கேட்டாலும் ஜரிகை துண்டு கிடைக்கும். ஒரு மெல்லிசு ஷீட்டை கம்பளி மேல கவுத்து, அது மேல ஜரிகையை நேரா இழுத்து வச்சு, இன்னொரு மெல்லிசு ஷீட்டை அது மேலயே கவுத்து கல்லு வச்சு அமுக்குங்க. காஞ்சா ரெண்டும் ஒண்ணாயிடும், ஜரிகை உள்ளுக்குள்ள மினுங்கும். இதுல ஒரு மூணாவது அடுக்கு ரகசியமும் ஒளிஞ்சிருக்கு. சுத்தமான ஜரிகையை சுரண்டுனா உள்ள சிவப்பு பட்டு இழை வரும், டூப்ளிகேட்ல வெள்ளை வரும், பட்டுச்சேலை வாங்குற அம்மாக்கள் எல்லாருக்கும் இது தெரியும். எந்த ஜரிகை போட்டிருக்கீங்கன்னு வெளிய சொல்லாதீங்க. சந்தேகப்பட்ட நோட்டு திரும்பி வந்தா ஓரத்துல ஒரு மில்லிமீட்டர் சுரண்டிப் பாத்தா போதும்.

பேப்பர் மை உறிஞ்சி ஊறாம இருக்க மேல கஞ்சி மாதிரி ஏதாவது பூசணும். சேலத்துக்காரனுக்கு உடனே ஜவ்வரிசிக் கஞ்சி தான் தோணும், மரவள்ளி மாவு பேப்பர் மில்லுலயும் தறியிலயும் இதுக்குத் தான் போகுது. ஆனா இங்க ஒரு நிமிஷம் நில்லுங்க. மாவுச்சத்து மேல அயோடின் பட்டா கருநீலமாகும், கடைகள்ல கள்ளநோட்டு பிடிக்கிற பேனா வேலை செய்யறதே இப்படித் தான், மில் பேப்பர்ல மாவு இருக்கும் கறுக்கும், காட்டன் நோட்டுல இருக்காது. அதனால நோட்டு முழுக்க கஞ்சி பூசாதீங்க, ஜெலட்டின் கரைசல் பூசுங்க. ஜவ்வரிசியை வடிகட்டின தண்ணியா எடுத்து ஒரு ஸ்டென்சில் வச்சு மூலையில ஒரு சின்ன மிளகு வட்டம் மட்டும் தடவி விடுங்க, காஞ்சா கண்ணுக்குத் தெரியாது. மெடிக்கல்ல கிடைக்கிற டிங்சர் அயோடினை தண்ணி கலந்து பஞ்சுல தொட்டு வச்சா மிளகு கறுப்பா எந்திரிச்சு வரும். போலி மில் பேப்பரா இருந்தா மூலை பூராவும் கறுக்கும், வேற காட்டனா இருந்தா ஒண்ணுமே வராது. இத எழுதும்போதே எனக்கு சந்தோஷமா இருக்கு, அவ்ளோ மலிவு.

கையால பண்ண பேப்பரை டிஜிட்டல் பிரஸ் காரங்க வாங்க மாட்டாங்க, உருளையில நார் சிக்கிக்கும். அப்ப ஸ்கிரீன் பிரிண்டிங் தான், அதுவும் நல்லதுக்குத் தான்.

அச்சு: புள்ளி இல்லாம கோடா போடுங்க

கலர் ஜெராக்ஸும் இங்க்ஜெட்டும் எந்தக் கலரையும் நாலு கலர் புள்ளியா உடைச்சுத் தான் போடும். லென்ஸ் வச்சுப் பாத்தா தெரியும். நிஜ நோட்டுல கோடு கோடாவே இருக்கும், அந்தக் கலரையே மையா கலந்து அடிக்கிறாங்க. ஸ்கிரீன் பிரிண்டிங்ல நீங்களும் அதையே பண்ணலாம், ஊதாவும் பழுப்பும் கலந்து ஒரு தனிக் கலர் பண்ணி சுத்தமான கோட்டுல அடிங்க. பத்து ரூபாய் லென்ஸ் இருந்தா குழந்தை கூட வித்தியாசம் சொல்லும்.

இதுல ஒரு படி மேல போகணும்னா ரெயின்போ. ஸ்கிரீனோட இடது ஓரத்துல ஊதா மை, வலது ஓரத்துல ஆரஞ்சு மை ஊத்திட்டு, மையை இழுக்கிற ரப்பர் கட்டையான ஸ்க்வீஜியை இழுங்க. மொத ரெண்டு மூணு இழுப்பு அசிங்கமா திட்டுத் திட்டா வரும், அதை வேஸ்ட் பேப்பர்ல வாங்கிடுங்க. அப்புறம் நடுவுல ரெண்டும் தானா கலந்து, ஒரே கோடு ஊதாவுல ஆரம்பிச்சு ஆரஞ்சுல முடியும், எங்கயும் புள்ளி இருக்காது. இதை ஸ்கேன் பண்ணி பிரிண்ட் எடுத்தா அந்தக் கலவை புள்ளியா உடைஞ்சு போயிடும்.

கோட்டுக்கு டிசைன் என்னன்னா, பெரிய நோட்டுல எல்லாம் வளைஞ்சு வளைஞ்சு பின்னிக்கிட்டு போற கில்லோஷ்னு ஒண்ணு இருக்கும், இங்க்ஸ்கேப்ல ஸ்பைரோகிராஃப் எக்ஸ்டென்ஷன்ல நம்பரை மாத்தி மாத்திப் போட்டா வரும். ஆனா நம்ம வீட்டு வாசல்ல இருக்கற சிக்குக் கோலத்தை விட அதுல என்ன இருக்கு? ஒரே கோடு, புள்ளியைச் சுத்தி வளைஞ்சு ஆரம்பிச்ச இடத்துலயே முடியும். அம்மாவோ பாட்டியோ போடுற ஒரு கோலத்தை வாங்கி வெக்டரா வரைஞ்சு, கோட்டை கால் மில்லிமீட்டர் தடிப்புக்கு இறக்கி பின்னணியா போடுங்க. போடும்போது எங்கயாவது ஒரே ஒரு இடத்துல புள்ளிக்கு மேல போக வேண்டிய கோட்டை கீழ போக விடுங்க. பாத்து வரையிறவன் தன்னை அறியாமலே அதை சரி பண்ணிடுவான், அங்க மாட்டிக்குவான்.

முகம் போடுறதா இருந்தா ஒரு காரணத்தோட போடுங்க, மனுஷங்களுக்கு முகத்துல சின்ன மாத்தம் வந்தாலும் சட்டுனு உறுத்தும், நோட்டுல முகம் வைக்கிறதோட லாபம் அது தான். தலைவர் முகம் தான் வேணும்னு அடம் பிடிச்சா போட்டுட்டுப் போங்க, ஃபோட்டோவா இல்லாம கோட்டுச் சித்திரமா இருக்கட்டும். நான் ஒத்துக்கல, எங்க நோட்டுல காட்டெருமை தான்.

குட்டி எழுத்துல தமிழுக்கு ஒரு தனிப் பிரச்சனை. நம்ம எழுத்துல சுழி ஜாஸ்தி, ணை, ஜ, ஐ எல்லாம் சின்னதாக்கினா மை அடைச்சு கரும்புள்ளி ஆயிடும், மெய்யெழுத்துப் புள்ளி காணாமலே போயிடும். அதனால ப, ட, ய, ர, துணைக்கால் மாதிரி திறந்த எழுத்தா இருக்கற வார்த்தை தேடுங்க. நாங்க "யாரடா யாரடா யாரடா"ன்னு காட்டெருமை முதுகுக் கோடு பூராவும் ஓட விட்டோம், லென்ஸ் வச்சு பாக்குறவனைத் தான் கேக்குது. ஸ்கிரீன்ல இதை ரொம்ப சின்னதா அடிக்க முடியாது, ஆஃப்செட் ப்ளேட்டு தான் அதுக்கு சரி, பட்ஜெட் இருந்தா அந்த ஒரு கலரை மட்டும் மில் காட்டன் ஷீட்ல ஆஃப்செட்ல அடிச்சுக்கோங்க.

நோட்டு மாதிரியே இருக்கட்டும்னு ரூபாய் நோட்டை ஸ்கேன் பண்ணி அந்த டெக்ஸ்சரை எடுக்காதீங்க. சட்டம் ஒரு பக்கம், பல நாட்டு நோட்டுல குட்டி குட்டியா அஞ்சு வட்டம் ஒரு மாதிரி சிதறி இருக்கும், 2002-ல மார்கஸ் கூன்னு ஒருத்தர் இதைக் கவனிச்சு சொன்னாரு, கலர் ஜெராக்ஸ் மெஷின் அதைப் பாத்தா காப்பி எடுக்க மாட்டேன்னு நின்னுடும். பந்தாவுக்கு உங்க நோட்டுல அதைப் போட்டா மொத நாள் உங்க ப்ரூஃபே வெளிய வராது.

விரலுக்குத் தெரியறது

நிஜ நோட்டுல தடிச்சு நிக்கிற மைக்கு பெரிய பெரிய இன்டாக்லியோ மெஷின் வேணும். நமக்கு தாளை அழுத்தி மேடு எழுப்புற எம்போஸிங் போதும். சேலத்துல கொலுசுப் பட்டறைக்கு டை, அதாவது உலோக அச்சு, வெட்டிக் குடுக்குறவங்க இருக்காங்க, செவ்வாய்ப்பேட்டை, சிவதாபுரம் பக்கம் விசாரிங்க. பத்திரிகை எம்போஸ் பண்ற ப்ளாக்கே கூட ஓகே தான், ஆனா கொலுசு டைல வர்ற நுணுக்கம் வேற லெவல்.

அந்த டைல ஒரு வேலை பண்ணுங்க. ஒரு கட்டம் பூரா குறுக்குக் கோடு, அதுக்குள்ள "20"ங்கிற இடத்துல மட்டும் நெடுக்குக் கோடு, மை எதுவும் கிடையாது. நேரா பாத்தா வெறும் சொரசொரப்பு. நோட்டை கண்ணு மட்டத்துல படுக்க வச்சு ஜன்னல் பக்கம் திருப்புனா ஒரு பக்கக் கோட்டுல மட்டும் நிழல் விழுந்து 20 எழும்பி வரும். நம்ம ரூபாய் நோட்டுல ஒளிஞ்சிருக்கற எண்ணும் இதே தத்துவம் தான். ஜெராக்ஸ்ல இது வரவே வராது.

ஓட்டை போடுறதும் நல்ல ஐடியா. பழைய சுவிஸ் நோட்டுல லேசர்ல பொடிப் பொடி ஓட்டையா போட்டிருந்தாங்க, வெளிச்சத்துல தான் தெரியும். நீங்க தையல் மெஷின்ல நூல் கோர்க்காம மெல்லிசு ஊசி போட்டு ஒரு வளைவு ஓட்டுங்க. பின்பக்கம் ஓட்டை விளிம்பு லேசா பிசிறா தட்டுப்படும், அது வேணும்னே விட்டது, சரி பண்ணாதீங்க.

மஞ்சள் முத்திரை பத்தியும் சொல்லிடறேன். மஞ்சளை ஸ்பிரிட்ல கரைச்சு வடிகட்டி முத்திரை குத்துனா யூவில பளபளன்னு மஞ்சள் பச்சையா மின்னும், ஈரச் சுண்ணாம்பு தொட்டா ஆரத்தி சிவப்பு. வெத்தலை போடுற எந்தத் தாத்தாவும் இதை செக் பண்ணுவாரு. குறை என்னன்னா வெயில்ல சீக்கிரம் வெளுத்துடும், அதோட போலி பண்றவன் வீட்லயும் மஞ்சள் இருக்கும். திருவிழா மாதிரி ஒரே நாள் செல்லுபடியாகுற டோக்கனுக்கு சூப்பர், நிரந்தர நோட்டுக்கு வேண்டாம்.

நம்பர்

பில் புக் அடிக்கிறவங்க கிட்ட இருக்கற நம்பரிங் மெஷின் தான் உங்க உண்மையான காவல்காரன். ஒவ்வொரு குத்துக்கும் அடுத்த நம்பர் தானா வரும், எழுத்து காகிதத்துல லேசா அழுந்தி பின்பக்கம் தடவுனா தெரியும். ஒரு நோட்டுப் புத்தகத்துல நம்பர், தேதி, யாருக்குக் குடுத்தது மூணையும் எழுதி வைங்க. சில நூறு நோட்டு தான் புழங்குற நாட்டுல இதை அடிச்சுக்க எந்த டெக்னாலஜியும் கிடையாது, ஒரே நம்பர் ரெண்டு தடவை வந்தா ரெண்டுல ஒண்ணு போலி, யார் கையில இருந்து வந்துச்சுன்னும் தெரிஞ்சிடும். ரிசர்வ் பேங்கால இது முடியாது, உங்களால முடியும்.

கடைசியா புழக்கத்துக்கு விடறதுக்கு முன்னாடி சாம்பிளை நல்லா வதைச்சுப் பாருங்க. சட்டை பாக்கெட்ல வச்சு துவைங்க, ஒரே மடிப்புல நிறைய தடவை மடிச்சு பிரிங்க, வேர்த்த கையில கசக்குங்க. ஏற்காட்டுல மூடுபனி சீசன்ல ஜன்னல் திறந்து வச்சு ஒரு ராத்திரி மேஜை மேல போட்டு வைங்க, இங்க்ஜெட்ல சாதா சாய மை போட்டிருந்தா காலையில கலர் எல்லாம் பரவிக் கிடக்கும், பிக்மென்ட் மையும் ஸ்கிரீன் மையும் நிக்கும். ஜெலட்டின் பூச்சு பத்தலன்னாலும் இங்கயே தெரிஞ்சிடும், ஓரம் பொசுபொசுன்னு எந்திரிக்கும்.

வேலை முடிஞ்சதும் உங்க டிசைன் ஏத்துன ஸ்கிரீனை உங்க கண்ணு முன்னாடியே கெமிக்கல் போட்டு கழுவச் சொல்லுங்க, டையை கையோட வாங்கிட்டு வந்துடுங்க. கோணலா அடிச்ச ஷீட்டை எல்லாம் எண்ணி, வாங்கின ஷீட் கணக்கோட டேலி பண்ணி, திரும்ப கூழாக்கி அடுத்த பேப்பருக்குப் போட்டுடுங்க. கடைப் பையன் ஞாபகத்துக்கு ஒண்ணு கேப்பான், நம்பர் குத்தாத நோட்டா பாத்து, நடுவுல ஒரு பெரிய ஓட்டை போட்டுக் குடுங்க.